பாலாடை நிறக் கார்

பழைய கார்களைப் புதுப்பிக்கும் தொழிலில் பாதி நாள் கழற்றி மாட்டுவதில் போகும், மீதி நாள் வருகிறவர் போகிறவருக்குப் பதில் சொல்வதில் போகும். "ஒரே வாரத்தில் சரிசெய்துவிடுகிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒரு ரேடியோவையோ தையல் மெஷினையோ பிரித்துப் பரப்பிப் போட்டவர் நீங்கள் என்றால், என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

நான் புனே பக்கத்து ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அதே ஊரில் பின்தெருவில் ஒரு ஷெட் போட்டேன். தகடு தட்டுவதில் கெட்டிக்காரரான ஷிண்டே என்னோடு சேர்ந்துகொண்டார். இடிபட்ட டாக்சி, நசுங்கிய டெம்போ என்று காலம் தள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கு, முழுசாகப் புதுப்பிக்க வந்த முதல் கார் இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருடங்களில் இங்கிலாந்தில் கையால் செய்தது. இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், நெடுந்தூரம் சொகுசாகப் போவதற்கென்றே பிறந்த வண்டி. பெயரைச் சொன்னால் யாருடையது என்று புனேயில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், அதனால் வேண்டாம்.

தசராவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழங்கார்க் கண்காட்சி. அதில் கார் நன்றாக நின்றால் சேகரிப்பாளர்கள் எங்களைத் தேடி வருவார்கள். சொதப்பினால் திரும்பவும் இடிபட்ட டாக்சிதான். என்னால் முடியும் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வினையே அங்கேதான் இருந்தது.

சார் எங்கே?

காரின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற எலும்பு டாக்டர். எழுபது வயது அம்மாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேயில். கல்லூரி நாளில் ஒரு பத்திரிகையில் இந்தக் காரின் படத்தைப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டவர், பல வருடம் கழித்து ஒரு பங்களாவின் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த நிலையில் இதைக் கண்டுபிடித்து வாங்கிவிட்டார். என்னிடம் அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கண்காட்சி மைதானத்துக்குள் காரை அவரே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், லாரியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

ஒரு நாள் பழங்கார்ச் சங்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். காரைச் சுற்றி வந்தார். என்னோடு பேசினார், ஷிண்டேயோடு பேசினார். ஸ்டூலில் உட்கார்ந்து கார்புரேட்டர் ஜெட்டின் பொடித் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரைக் கடைசியாகத்தான் கவனித்தார். "சார் எங்கே மேடம்? அவர்கிட்ட கார் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். டாக்டர் ஜெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சார் வீட்ல தூங்கறார். அவருக்குக் கார்னாலே தலைசுத்தல்."

எத்தனை பெட்ரூம்?

வெளியே பார்த்தால் அலுமினியத் தகடு. தகட்டை ஷிண்டே பிரித்ததும் உள்ளே இருந்தது மரச்சட்டம். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் குளிரைத் தாங்கிய மரத்தை நம்மூர்க் கரையான் சாவகாசமாகச் சாப்பிட்டிருந்தது. கதவுச் சட்டத்தைத் தொட்டேன், மாவாக உதிர்ந்தது.

நல்ல சட்டங்களையாவது காப்பாற்றலாம் என்று கரையான் மருந்து அடிக்கும் ஆளுக்குப் போன் செய்தேன். இடம் எங்கே, மரம் என்ன மரம், எவ்வளவு அரித்திருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டார். நானும் பொறுமையாகச் சொன்னேன். முன்பக்கம் பரவாயில்லை, பின்பக்கம் மோசம், கதவு இரண்டும் போய்விட்டது, கூரையில் மட்டும் ஒன்றுமில்லை என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அவர் கேட்டார்: "சரி சார், மொத்தம் எத்தனை பெட்ரூம்?"

எழுதியது ஒன்று

இந்தக் காரின் போல்ட்டுகளுக்கு நம்மிடமுள்ள எந்த ஸ்பானரும் சேராது. பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பானர்தான் வேண்டும். அதில் அரை அங்குலம் என்று பொறித்திருக்கும், வாயை அளந்தால் அரை அங்குலத்தைவிடப் பெரிதாக இருக்கும். அந்த எண் போல்ட்டின் தலையைச் சொல்வதில்லை, தண்டின் பருமனைச் சொல்கிறது. புனேயின் பழைய சாமான் சந்தையான ஜூனா பஜாரில் தரையில் பரப்பி விற்பவரிடம் ஒரு செட் கிடைத்தது. இந்த விவரத்தை நான் அவருக்குப் பெருமையாக விளக்கினேன். அவர் ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "எழுதியிருக்கறது ஒண்ணு, உள்ளது ஒண்ணு. இது கவர்மென்ட் ஸ்பானரா சாஹேப்?"

பதினொரு விதிகள்

வண்டிக்குப் பாலாடை நிறம். முதலில் அடித்திருந்த அதே வகை செல்லுலோஸ் பெயின்ட்டைத்தான் தேடிப் பிடித்து அடித்தோம். ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இறுகுவதற்கு வாரக்கணக்காகும். அதுவரை எதுவும் அதன்மேல் படக் கூடாது. எனவே சுவரில் தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் பதினொரு விதிகள் எழுதி ஒட்டினேன். மோதிரம் கூடாது. கைக்கடிகாரம் கூடாது. பெல்ட் பக்கிள் கூடாது. சட்டைப் பையில் பேனா கூடாது. சாயக்கூடாது, வெறும் கையால் தொடக்கூடாது. ஷிண்டே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்.

ஒரு மத்தியானம் என் மனைவி கோமதி சாப்பாட்டு டப்பாவோடு ஷெட்டுக்கு வந்தாள். கார் பக்கத்தில் போய் நின்றவளை, "வளையல், வளையல்!" என்று கத்தி நிறுத்தினேன். அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். நான் மெத்தென்ற துணியால் போனட்டில் இருந்த தூசியை ஒற்றி எடுப்பதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி. கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சு சுத்தமாக வரும். "தாலி கெட்டும்போதுகூட இம்புட்டுப் பதனமா கை வச்சீயளா?"

தாபோடி சிக்னல்

என்ஜினை மாட்டி முதல் ஓட்டம் விட்டோம். டாக்டர் ஓட்டினார், நான் பக்கத்தில். பழைய நெடுஞ்சாலையில் கார் பூனை மாதிரிப் போயிற்று. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. தாபோடி சிக்னலில் நின்றதும் வெப்பமானி முள் மெதுவாக ஏறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வந்து நின்ற ஷேர் ஆட்டோ டிரைவர் தலையை நீட்டிக் காரை முன்னிருந்து பின்வரை அளந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. "பெட்ரோல் கட்டுப்படியாகாது மேடம். சிஎன்ஜி கிட் போட்டுருங்க, ஆகுர்டில நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான்."

ஆயுத பூஜை

இனி என் பெருமையெல்லாம் இறங்கிய கதை. என் அப்பா இங்கே பக்கத்தில் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர். அங்கே தமிழ்க் குடும்பங்களெல்லாம் சேர்ந்து ஆயுத பூஜை செய்வோம். கண்ணில் படும் இரும்பு ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். ஷெட்டிலும் அதே வழக்கம்தான். நவமியன்று எல்லாவற்றையும் துடைத்துச் சாமந்தி மாலை போட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குங்குமத்தைப் பன்னீரில் குழைத்திருந்தேன். லேத்துக்கு வைத்தேன். டிரில்லுக்கு, கம்ப்ரசருக்கு, வைஸுக்கு. அடுத்து கார் நின்றது. கை தானாகப் போயிற்று. போனட்டின் நட்டநடுவில், கட்டைவிரலால், அழுத்தமாக ஒரு பொட்டு. அதன் மேல் மாலையையும் சாத்தினேன். சூடம் காட்டும்போது காரைப் பார்த்து எனக்குப் பூரிப்பு வேறு.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்று யாரும் தொடவில்லை. தசராவன்று காலையில் மாலையை எடுத்துவிட்டுத் துடைத்தேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை. மூன்று வாரத்துப் பெயின்ட் அந்தச் சிவப்பை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொண்டுவிட்டது. பாலிஷ் போட்டேன், சிவப்பு ரோஸ் ஆனது. இன்னும் தேய்த்தால் பெயின்ட்டே போய்விடும். புதிதாக அடித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இறுகாது. இங்கே எல்லோரும் தமிழர்களைக் கூப்பிடுவது போல ஷிண்டேயும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கழற்றிய மாலையைக் காட்டிச் சொன்னார்: "அண்ணா, ஞாயிற்றுக்கிழமையும் மாலை போட்டே நிறுத்திட்டா யாருக்குத் தெரியும்?"

பட்டியலில் இல்லை

அன்றைக்கே டாக்டர் வந்தார். தசராவுக்கு ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லிக் கொடுப்பது இங்கே வழக்கம். எங்கள் இருவர் கையிலும் இலையைக் கொடுத்துவிட்டுக் காரைப் பார்க்கத் திரும்பினார். மாலையைத் திரும்ப எடுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. ஷிண்டே மாலையைக் கையில்கூட எடுத்துவிட்டார். என்னால் முடியவில்லை. இரண்டரை வருடம் அந்த அம்மாள் எங்களை நம்பியிருக்கிறார்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று போனட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "யார் வெச்சது?" என்றார். "நான்தான்" என்றேன். டாக்டர் நிமிர்ந்து சுவருக்குப் போனார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினொரு விதிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். தமிழில் படித்தார், சந்தேகத்துக்கு மராத்தியிலும் படித்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "அரே ஆறுமுகம், இதுல குங்குமம் கூடாதுன்னு எங்கேயும் போடலியே!"

ஞாயிற்றுக்கிழமை

மைதானத்துக்குள் டாக்டர் தானே ஓட்டிக்கொண்டு நுழைந்தார். மாலை இல்லை. ரேடியேட்டரைச் சுத்தம் செய்திருந்ததால் வெப்பமானி முள் இந்தத் தடவை ஏறவில்லை. நடுவர்கள் மூன்று பேர் டார்ச் அடித்து அடியில் பார்த்தார்கள், கதவைத் திறந்து மூடினார்கள், போல்ட்டுகளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். போனட்டில் டார்ச் நின்றது. பெயின்ட்டுக்கு மார்க் குறைத்தார்கள். எங்களுக்கு இரண்டாவது பரிசு. முதல் பரிசு வாங்கிய கார் லாரியில் வந்து லாரியிலேயே திரும்பிப் போயிற்று. எங்களுடையது திரும்பும்போதும் தன் சக்கரத்தில்தான் போயிற்று.

வழியில் டாக்டரிடம் சொன்னேன், போனட்டை மட்டும் சுத்தமாக உரித்துப் புதிதாக அடித்துத் தருகிறேன், அடுத்த வருடம் முதல் பரிசு நமக்குத்தான் என்று. அவர் கியரை மாற்றினார். பதிலுக்கு அவசரமில்லாத மாதிரி ஒரு பஸ்ஸை முந்தினார். "நாப்பது வருஷம் முட்டி, இடுப்புன்னு ஆபரேஷன் பண்ணியிருக்கேன் ஆறுமுகம். தழும்பு இல்லாம ஒருத்தரையும் நான் வீட்டுக்கு அனுப்பினதில்லை."

அந்த ஆள்

சரி, இடிபட்ட டாக்சிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு திங்கட்கிழமை ஷெட்டைத் திறந்தேன். வாசலில் ஒருவர் நின்றிருந்தார். "சார் எங்கே?" என்று டாக்டரைக் கேட்ட அதே சங்கத்துக்காரர். மைதானத்துக்கு அன்று வந்தவர்கள் முதல் பரிசு வாங்கியது எந்தக் கார் என்பதை மறந்துவிட்டார்களாம். பொட்டு வைத்த காரைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்களாம். தன்னிடமும் அதே காலத்து வண்டி ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது, மரச்சட்டத்துக்குப் பயந்து எல்லோரும் தொட மறுக்கிறார்கள், அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா என்றார். கொண்டு வாருங்கள் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் மிடுக்காகக் கேட்டது. அவர் கிளம்பி வாசல்வரை போய்விட்டு நின்றார். "ஒரே ஒரு விஷயம் அண்ணா. பொட்டு மட்டும் வேண்டாம்."

சுவரில் இப்போது பன்னிரண்டு விதிகள் இருக்கின்றன; முதல் பதினொன்றும் வருகிறவர் போகிறவருக்கு, பன்னிரண்டாவது எனக்கு.