ஜாபர் கதைக்குப் பெயர் வைத்தோம்

என் மகள் குறும்படம் எடுக்கிறாளாம். நேற்று போனில் ஐந்து தலைப்புகளை அனுப்பி, "எதுப்பா நல்லாருக்கு?" என்று கேட்டிருந்தாள். இதை என்னிடம் கேட்கலாமா, நீங்களே சொல்லுங்கள். வளர்த்த நாய்க்கு மணி என்று பெயர் வைத்த ஆள் நான். ஆனாலும் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எங்கிருந்தோ கார்பன் தாள் வாசனை வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் ஒரு மாடியில் இயங்கிய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஜாபரின் தையல் கடை. அவனுக்கும் என் வயசுதான். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் சினிமாவுக்குக் கதை வசனம் எழுதுவான். மெட்ராஸில் ஒரு டைரக்டர் அவனுக்குப் பதில் கார்டு போட்டிருந்தார்: "நல்ல தலைப்போடு அனுப்பு. தலைப்பு பிடித்தால்தான் உள்ளே புரட்டுவேன்." அன்றிலிருந்து ஜாபர் வெட்டிய ஜாக்கெட்டில் கை ஒன்று நீளம், ஒன்று குட்டை.

கதை அவனுடைய அக்கா மெகருன்னிசாவுடையது. கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் சொல்லிக்கொள்ளாமல் எங்கேயோ போய்விட, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர். பிறகு கீழ்பென்னாத்தூரில் பால்வாடி வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய் வந்தார். தன்னைத்தான் தம்பி எழுதுகிறான் என்று அவருக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு தலைப்பைப் பிடித்தோம். 'விதி ஒடித்த கொடி.' எனக்கே கண் கலங்கியது. சுற்றிலும் நட்சத்திரக் குறியால் பூவேலை செய்து டைப் அடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை தம்பிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா, அவன் மேலே இருப்பதறிந்து மாடிக்கு வந்தார். மெஷினில் இருந்த தாளைப் படித்தார். அடுத்த தாளையும் படித்தார்.

"நான் எப்படா ஒடிஞ்சேன்?"

ஜாபர் மெஷினிலிருந்து தாளை உருவினான்.

"படம் வந்தா ஊரெல்லாம் இந்தப் பேரைத்தானே ஒட்டுவாங்க? எம் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிக்கறப்போ, எங்கம்மா இதுதான்னு நெனைக்கணுமா?"

"கிழிச்சிடறேன்க்கா."

"கிழிக்காத. முழுசாப் படிச்சிட்டுச் சொல்றேன்."

தாள் கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் ஜாபர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. எனக்குத் தைரியம் அவ்வளவுதான்.

அக்கா திருப்பிக் கொண்டுவந்த தாள்களில் கதாநாயகி அழுத இடமெல்லாம் பென்சிலால் அடித்திருந்தது.

"அழுவுறது ரொம்ப ஜாஸ்திடா. எட்டு நாப்பது பஸ்ஸப் புடிக்க ஓடுற ஓட்டத்துல அழ எனக்கு ஏது நேரம்?"

எனக்குத்தான் பொறி தட்டியது என்று பல வருஷம் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். ஜாபர்தான் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அதையே வெச்சிடட்டுமா? எட்டு நாப்பது பஸ்."

அக்கா சொன்னார்: "வெய்யி. ஆனா அந்த ஆளு திரும்பி வந்து கால்ல வுழற சீன் வேணாம். அவ பாட்டுக்கு பஸ் ஏறிப் போவட்டும்."

பெயர் மாறியதும் பழைய கதை அதற்குள் உட்கார மறுத்தது. பின்பாதி முழுக்கப் புதிதாக எழுதினான். நாங்கள் சந்தேகம் கேட்கக் கேட்க அக்கா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அனுப்பிவைத்ததும் டைரக்டர் இரண்டே வரி எழுதினார்: "தலைப்பு பிடித்தது. நேரில் வா."

படம் வரவில்லை, சண்டைக் காட்சி இல்லாத கதைக்கு அன்று யாரும் துணியவில்லை. ஆனால் நேரில் போன ஜாபரை அந்த டைரக்டர் தன்னோடு வைத்துக்கொண்டார். கதை இலாகாவிலேயே அவன் காலம் நன்றாக ஓடியது. அக்கா பிரைவேட்டாகப் பரீட்சை எழுதி, பயிற்சியும் முடித்து டீச்சரானார்.

தையல் கடையும் மாடியும் இடிந்து அங்கே இப்போது செல்போன் கடை. டைப் அடித்த மூன்று பிரதிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசிப் பக்கம் மட்டும் எனக்கு மனப்பாடம். மழையில் அவள் பஸ் ஏறுகிறாள், முதுகு மட்டும் தெரிகிறது என்று ஜாபர் எழுதியிருந்தான். அக்கா பென்சிலை வாங்கி அதையும் திருத்தினார்.

"மொகத்தக் காட்டுடா. சிரிக்கறா இல்ல?"