படத்தில் ஏரியான எங்கள் வயல்

வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பொட்டலத் தாளில் எங்கோ வடக்கே வெள்ளம். கூரைமேல் குந்தியிருக்கும் ஒரு குடும்பத்தின் படம். கீழே, மந்திரி நேரில் போய்ப் பார்த்தார் என்று செய்தி. எங்கள் ஏரி உடைந்தும் மூன்று நாள் ஆகியிருந்தது. மானாம்பதி தாண்டிய எங்கள் ஊருக்கு மந்திரி இருக்கட்டும், தாசில்தார்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவர் வந்து சேதத்தை எழுதிக்கொண்டு போனால்தான் நைனாவுக்கு மறுபடி நட விதைநெல் கிடைக்கும். பேப்பரில் படம் வந்துவிட்டால் வராமல் எங்கே போவார்?

ஆறாம் வகுப்புக்காரி சொன்னதை ஊர் கேட்டதே அதிசயம். சித்தப்பா சைக்கிள் மிதித்து உத்திரமேரூர் பேப்பர் ஏஜெண்டைப் பிடித்தார். பேப்பர் போடுகிறவரும் அவர்தான், செய்தி அனுப்புகிறவரும் அவர்தான். கேமரா மட்டும் கிடையாது. அதனால் மறுநாள், கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரரையும் கூட்டி வந்தார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்களை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால், ஊரே முகூர்த்தத்துக்குக் கிளம்பியது மாதிரி நிற்கிறது. அம்மா அரக்குப் பட்டில். நைனா பட்டு வேட்டியில்.

“இன்னாம்மா இது? வெள்ளத்துக்குப் பட்டுப்பொடவையா?”

“வேற இன்னாத்தடி கட்டிக்கினு நிக்கச் சொல்ற?” என்று எரிந்து விழுந்தாள் அம்மா.

ஸ்டூடியோக்காரர் பழக்கதோஷத்தில் பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்தார். “லேசா சிரிங்கம்மா!” உடைப்புப் பக்கம் வெயில் எதிரே அடிக்கிறதாம், தண்ணீரில் முழுகிய வயல் பின்னால் தெரிகிற மாதிரி எல்லோரையும் திருப்பி நிறுத்தினார். உடைப்பு படத்தில் விழாதே என்று நான் கத்தினேன்.

“இந்தப் பொண்ணு சும்மா பேஜார் பண்ணிக்கினு கீது. புடிச்சி உக்கார வைங்க” என்றார் ஸ்டூடியோக்காரர்.

உட்கார வைத்தார்கள்.

படத்தையும் செய்தியையும் கவரில் போட்டு மெட்ராஸ் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார் ஏஜெண்ட். அங்கே யார் பிரித்தார்களோ, எதைத் தொலைத்தார்களோ. நாலாம் நாள் வந்தது: “ஏரி நிரம்பியது, கிராம மக்கள் மகிழ்ச்சி.” பின்னால் ஏரியாகப் பளபளத்தது எங்கள் வயல்.

“மூஞ்சியெல்லாம் நல்லாத்தான் விழுந்துகீது” என்றார் சித்தப்பா. நைனா பேப்பரைத் தொடவே இல்லை.

அம்மாவோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி இறங்கியதும், பரண்மேல் பட்டுத்துணி வைத்திருந்த டிரங்குப் பெட்டி மட்டும் நனையாததும் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று கரையில் அவள் கேட்டதற்குப் பதிலே கிடையாது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு அடுத்த படத்தின் அவசரம். இந்த முறை ஏஜெண்டை நானே கூட்டி வருவேன். மணல் மூடிய பயிரைத் தவிர ஒரு மனுஷத் தலை படத்தில் தெரியக்கூடாது. முதல் வேலையாக அம்மாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.