எடைமேடைக் கணினிக்கு வைத்த பொட்டு

கடைசி ஸ்க்ரூவையும் கழற்றி, வானதி கணினியின் பக்கத் தகட்டை உருவினாள். உள்ளே ஒவ்வொரு கார்டிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"மேகலாக்கா, இதுக்குள்ளயுமா?"

நன்னிலம் அரிசி ஆலையில் எடைச்சீட்டுப் போடுகிறவள் மேகலா. "நேத்து ஆயுத பூஜையாச்சே. எல்லா மிஷினுக்கும் வச்சுட்டு இதை மட்டும் விட்டா கோவிச்சுக்காதா?"

"இப்ப மட்டும் சிரிச்சுக்கிட்டா இருக்கு?"

வெளியே எடைமேடையில் தங்கமணியின் டிராக்டர் நின்றது. டிரெய்லர் நிறையக் காயவைத்து அள்ளிய குறுவை நெல். தார்ப்பாய் இல்லை. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. கணினியில் எடை ஏறிச் சீட்டு விழாமல் எதையும் இறக்கக் கூடாது என்பது முதலாளி கட்டளை. காலையிலிருந்து திரையில் எடை ஏறவே இல்லை.

"பாப்பா, மழைக்கு முந்தி முடிச்சுருவியா?" ஜன்னலில் எட்டிப் பார்த்தாள் தங்கமணி. "நனைஞ்சா ஈரம்னு திருப்பி அனுப்பிருவா இந்த மகராசி."

"நானா அனுப்புறேன்? மீட்டர் அனுப்புது."

வானதி சென்னை வேலையை விட்டு வந்ததற்கு ஊர் வருத்தப்பட்டது, அவள் வருத்தப்படவில்லை. சீர்காழி வரைக்கும் ஆலைக் கணினிகளைப் பழுது பார்ப்பது அவள்தான். கணினியின் மைய நிரலான கெர்னல் எழுதி வைத்திருக்கும் வரிகளைப் படிக்காமல் எதையும் மாற்றமாட்டாள். படித்தாள். ஒவ்வொரு கார்டும் கெர்னலைக் கூப்பிட ஓர் இண்டரப்ட் எண் வேண்டும், அழைப்புமணி மாதிரி. எடைக் கார்டு கேட்டது பதினொன்று. அதை, வண்டிகளைப் படமெடுக்கும் கேமராவின் கார்டு முன்பே பிடித்துக்கொண்டிருந்தது. எடைக் கார்டை இயக்கும் பழைய டிரைவர் நிரலுக்கு ஒரே எண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரியாது.

போன வாரப் பதிவில் இரண்டுக்கும் தனித்தனி எண்தான்.

"நேத்து இதுங்களக் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படித் தொடைக்கிறது? தொடைச்சு, பொட்டு வச்சு, காலியா இருந்த எடத்துல சொருகினேன்."

வானதியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கார்டு சொருகும் மூன்று ஸ்லாட்டில் இரண்டுக்கு ஒரே எண். மேகலா சரியாக அந்த இரண்டில் சொருகியிருந்தாள். கணினியை அணைத்து, எடைக் கார்டைப் பிடுங்கி மூன்றாவதில் அழுத்தி, மறுபடி சுவிட்சைப் போட்டாள். மேகலா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

இப்போது எடைக் கார்டுக்கு எண் ஐந்து. கேமராவுக்குப் பதினொன்று. திரையில் எடை ஏறியது, பிரிண்டர் கிறீச்சிட்டது.

"விழுந்துருச்சு!" மேகலா சீட்டைக் கிழித்து ஆட்டினாள்.

"அதை வச்சுக்கடி, கேட்டைத் தொற!" தங்கமணி டிராக்டரில் தாவி ஏறினாள். டிரெய்லரின் வால் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தபோது தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. மூவரும் சந்தோஷத்தில் கத்தினார்கள்.

மறுநாளும் மழை. ஆலைக்கு லோடு வரவில்லை. மேகலா கணினியைத் திறந்து மூன்றாவது ஸ்லாட்டின் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து மூடினாள். வானதி சீர்காழிக்குப் பஸ்ஸில் போனாள். அங்கே ஓர் ஆலையில் பிரிண்டர் ஓடவில்லை. கேபிளை மாற்றிவிட்டுத் திரும்பினாள்.