பெல்ட்டின் கடைசி முழம்

பழைய கார் எதுவானாலும் லோகநாதன் முதலில் பானட்டைத் திறப்பதில்லை. முன்சீட்டில் பாதி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டைப் பிடித்து இழுக்கிறார். யாரும் இழுத்துப் பார்க்காத கடைசி முழம்வரை இழுக்கிறார். வெள்ளத்தில் நின்ற வண்டியை எத்தனை முறை கழுவினாலும் அந்த முழத்தில் மட்டும் ஒரு சேற்றுக்கோடு தங்கிவிடும். கோடு தெரிந்தால், வாங்க வந்தவர் கையில் பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, விற்பவரைப் பார்ப்பார். "பெல்ட்ட இன்னாத்துக்குப் பாக்குற? வித்துகினு கீறான் பாரு, அவன் மூஞ்சப் பாரு. அப்டியே அந்தாண்ட திருப்பிக்குவான்" என்பது அவர் சொல்லித்தரும் பாடம்.

மண்ணூர்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பழைய கார் வாங்குகிறவர்கள், பெண் பார்க்கப் போகும்போது தாய்மாமனை அழைத்துப் போவதுபோல அவரை அழைத்துப் போகிறார்கள். கூலி ஒரு நெய் ரோஸ்ட்டும் காபியும். இன்ஜின் சத்தத்தைக் கேட்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் எதிர் டீக்கடைக்காரர், சொல்லாமலே பாட்டை நிறுத்திவிடுவார். இந்த மரியாதை அவருக்கு மிகவும் பிடிக்கும். மனைவி வடிவுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு கிலோ கத்தரிக்காயை முக்கால் மணி நேரம் முகர்ந்து பார்க்கிற மனிதரோடு ஆவடி மார்க்கெட்டுக்குப் போவதை அவள் நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

இப்பேர்ப்பட்டவர்தான் போன ஆவணியில் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஒரு பழைய ஹைபிரிட் காரை, கண்ணால் பார்க்காமல், பெங்களூரிலிருந்து வரவழைத்தார். தரகர் அனுப்பிய நாற்பது போட்டோக்களும் ஒரு வீடியோவும்தான் ஆதாரம். ஏன் நேரில் போகவில்லை என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மாதிரி வண்டி பட்டனை அமுக்கினால் சத்தமே போடாது. எங்கே காதை வைப்பது, எந்தக் கண்ணை மூடுவது? விற்கிறவன் முன்னால் ஒன்றும் தெரியாதவனாகப் போய் நிற்பதைவிட, பார்க்காமல் வாங்குவது கௌரவமாகப் பட்டது.

முதல் மழைக்கே வண்டி வேஷத்தைக் கலைத்தது. கண்ணாடியை ஏற்றி வைத்ததும் உள்ளே கோடையில் வற்றிய ஏரியின் வாடை. பின்சீட்டுக்கு அடியிலிருக்கும் பெரிய பேட்டரி பாதி செத்திருந்தது. கோவில்பதாகை வீட்டு வாசலில், யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் பெல்ட்டை இழுத்தார். கோடு இருந்தது. ஜன்னல் வழியே வடிவு பார்த்துவிட்டாள். "ஊர் வண்டிய எல்லாம் மோந்து மோந்து பாக்குறியே, உன் வண்டிக்கு மட்டும் ஜலதோஷமா?" என்று கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவள் அதைப் பற்றி மறுபடி கேட்கவேயில்லை. அது அவருக்குக் கேள்வியைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. டேஷ்போர்டில் அணையாமல் எரியும் எச்சரிக்கை விளக்கின்மேல் சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர். ஏறுகிறவர்கள் பக்தி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். வாடைக்கு மூன்று சென்ட் பாட்டில்கள், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம். யாராவது மைலேஜ் கேட்டால், "இருபத்தஞ்சுக்குக் கொறையாம குடுக்குது மாமே. பாக்காமத்தான் வாங்கினேன். நம்ம கண்ணுக்குப் போட்டோவே போதும்" என்பார். உண்மையில் லிட்டருக்குப் பதினாலு தாண்டியதில்லை. சொல்லி முடித்ததும் காது மடல் சிவந்துவிடும். வெயில் என்று துண்டால் துடைத்துக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணப்பிரியா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். வானகரத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறாள், ஐ.டி. வேலை, சொந்த ஊர் தேனிப் பக்கம். அவளுக்காக அவர் ஏற்கெனவே இரண்டு வண்டிகளைப் பார்த்து வேண்டாமென்று தள்ளியிருந்தார்.

"உங்களுக்கு இனிமே அலைச்சல் இல்ல அங்கிள். ஹைபிரிட் ஒண்ணு முடிச்சிட்டேன். நாளைக்குப் பணம் போட்டா வண்டி வந்துரும்."

"நேர்ல போய் பாத்தியாம்மா?"

"நீங்களே பாக்காமத்தான வாங்குனீங்க? அந்தத் தைரியந்தான்" என்று சிரித்தபடி போனை நீட்டினாள்.

வீடியோவில் வண்டி பளபளத்தது. அதன் பின்னால் இருந்த நீல இரும்புக் கதவும், கதவோரத்து வாழையும் லோகநாதனுக்கு நன்றாகத் தெரிந்தவை. அவருடைய நாற்பது போட்டோக்களிலும் அவை இருந்தன.

டீக்கடை பெஞ்சில் நாலு பேர். எல்லாருமே அவர் பார்த்துச் சொல்லி வண்டி வாங்கியவர்கள். தனியாகக் கூப்பிட்டு, 'அந்தத் தரகன் சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். எப்படித் தெரியும் என்று கேட்பாளே. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே. அவள் தன்னை நம்பி நிற்கிறாள் என்பதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகச் சுட்டது.

"இப்டி வாம்மா" என்றார். தன் வண்டியின் முன்கதவைத் திறந்தார். டீக்கடைக்காரர் வழக்கம்போலப் பாட்டை நிறுத்தினார்.

லோகநாதன் பாதி உட்கார்ந்து, பெல்ட்டைக் கடைசி முழம்வரை இழுத்து, அவள் கையில் கொடுத்தார். பழுப்புக் கோட்டை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, பெல்ட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கைகள் துண்டைத் தேடின. ஆனால் முகத்தை அவர் திருப்பவில்லை.