முப்பத்திரண்டாவது ஜோடி

பழவேற்காட்டுக் குப்பத்துக் கோயில் வாசலில் முப்பத்தொரு ஜோடிச் செருப்புகள் கிடக்கின்றன. நான் ஏற வேண்டிய படகு இன்னும் வரவில்லை; அதனால் இரண்டு தடவை எண்ணிவிட்டேன். உள்ளே அம்மன் முன்னால் பாடுச் சீட்டு எடுக்கிறார்கள். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சீட்டு எடுக்காதவருக்கு இந்த வருடம் இறால் இல்லை.

வாசலிலிருந்து ஏழடி தள்ளி ஒருவர் செருப்போடு நிற்கிறார். பெயர் யோவான், போன வருடம் வரை ஏழுமலை.

"நீங்க போகலையா?"

"பாஸ்டர் கூடாதுன்னுட்டாரு சார். ஏசு ஒருத்தருதான் வழியாம். வேற வாசல்ல கால வெச்சா எல்லாம் போச்சாம்."

"யோவ் ஏழுமல, வர்றியா, உன் பங்க கொக்குக்கு உட்டுடலாமா?" என்று உள்ளிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"சார், எனக்கோசரம் நீங்க எடுங்களேன். யார் எடுத்தாலும் ஒத்துக்குவாங்க."

'நானே வழி' என்ற அந்த வேத வசனத்தை முப்பத்தாறு வருடம் ஞாயிறு வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். வசனத்தில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த ஏழடியையும் சேர்த்துத்தான் அது சொல்லப்பட்டதா என்பதில்தான் சந்தேகம். புதுச் செருப்பு என்பதால் ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன்.

வெளியே வந்து நீட்டிய சீட்டை யோவான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார். நல்ல இடம் போலிருக்கிறது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். நீங்க சாமி கும்புடுறவருதானே?"

"நானும் சர்ச்சுதான்."

"அப்போ எப்டி சார் உள்ள போனீங்க?"

"செருப்பைக் கழற்றிட்டுப் போனேன்."

படகு வந்துவிட்டது. யோவான் தன் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.