ஸ்பிரிட் கம்பெனிப் பெண்

என் வேலையைப் பற்றி அப்பா ஒருபோதும் பொய் சொன்னதில்லை. எங்கள் வலியசாலை அக்ரஹாரத்தில் யார் கேட்டாலும், "பொண்ணுக்கு ஸ்பிரிட் கம்பெனியில உத்தியோகம்" என்பார். கொரோனா சமயத்தில் கம்பெனியில் நாங்கள் சில மாதங்கள் சானிடைசர் தயாரித்தோம். அதில் கொஞ்சம் விலைக்கு வாங்கித் தெருவில் கொடுத்தேன். அன்றிலிருந்து ஸ்பிரிட் என்றால் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் என்று அக்ரஹாரம் முடிவு செய்துகொண்டது. அப்பாவும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

வேதியியல் படித்த எனக்கு ஊருக்கு வெளியே ஒரு மதுபான ஆலையில் தரப் பரிசோதனை வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வகுப்பு எடுப்பதும் நான்தான். காய்ச்சி வடித்த மது ஒவ்வொன்றையும் அதன் மூலப்பொருளை வைத்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். திராட்சை ரசம் புளித்ததும் வடித்தால் பிராந்தி. தானியத்தில் செய்து மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் ஊறவைத்தால் விஸ்கி. கரும்புச் சாறோ, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகோ என்றால் ரம். ருசியும் மணமும் போகும்வரை வடித்தது வோட்கா. அதிலேயே ஜூனிப்பர் காயின் வாசனையை ஏற்றினால் ஜின். கற்றாழையைப் போன்ற ஒரு மெக்சிகோ செடியின் அடித்தண்டிலிருந்து வருவது டெக்கீலா. கள்ளும் பீரும் இதில் சேராது. அவை புளிப்பதோடு சரி, வடிப்பதில்லை.

கடைசியில் உண்மையையும் சொல்லிவிடுவேன். எங்கள் ஆலையில் பிராந்தி, ரம் எல்லாமே ஒரே தொட்டியில் இருக்கும் கரும்புப்பாகு ஸ்பிரிட்தான். நிறமும் எசன்ஸும்தான் வேறு. எல்லாரும் சிரிப்பார்கள். அங்கே எனக்கு வெட்கம் கிடையாது. சாயங்காலம் வீடு திரும்பக் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் அது தொடங்கும்.

போன நவராத்திரிக்கு முன்னால், கோயில் மண்டபத்துச் சுவாமி படங்களைச் சுத்தம் செய்வது பற்றிப் பேச்சு வந்தது. கண்ணாடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரக் கரியும். சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால் படம் கெட்டுவிடும், ஸ்பிரிட்தான் சரி என்றாராம் கமிட்டியைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு மாமா. என்னை ஒரு கன்னாஸ் நிறையக் கொண்டுவரச் சொல்லும்படி அப்பாவிடம் கேட்டிருக்கிறார். பிளாஸ்டிக் கேனுக்கு இங்கே கன்னாஸ் என்றுதான் பேர். அந்த மாமாவின் வழியாகத்தான் என் ஜாதகம் இரண்டு வீடுகளுக்குப் போயிருந்தது. அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் ஆலைத் தொட்டிகளுக்குக் கலால் துறையின் பூட்டு உண்டு. ஒரு பாட்டில் வெளியே வந்தாலும் வேலை போய்விடும், வழக்கும் வரும். ராத்திரி அப்பா விஷயத்தைச் சொன்னதும் இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா சாப்பிடும் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அது கோயிலுக்கு ஆகுமோ?"

வெளியே காபி குடிப்பதென்றால்கூட டம்ளரை முகர்ந்து பார்ப்பவர் அவர். நான் கொண்டுவந்தால் அதைச் சுவாமி படத்தின்மேல் தடவ மனதைத் தயார் செய்துகொண்டிருக்கிறார் என்று புரிந்தது. முகம் சூடாகிவிட்டது. "பார்க்கறேன்பா" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டேன்.

சாலைக் கடைத்தெருவில் மருந்து மொத்தக் கடை ஒன்றில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, ஒட்டுத்தாள் இல்லாத கேனில் ஊற்றினேன். எங்கே வாங்கினேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மண்டபம் முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. துடைக்கத் துடைக்கச் சரஸ்வதியின் முகம் தெளிந்துவந்தது. மாமா பஞ்சை முகர்ந்தார். "ஒரிஜினலாக்கும் இது, கேட்டேளா? கடையில கிடைக்கறதெல்லாம் வெறும் தண்ணி." எல்லாரும் ஆமோதித்தார்கள். அப்பா மட்டும் ஸ்பிரிட்டைத் தொடவில்லை. காய்ந்த துணியோடு ஓரமாக, மரச்சட்டங்களை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா உபயப் பலகையைத் திருப்பி வைத்துச் சாக்பீஸை எடுத்தார். "உன் கம்பெனி பேர் என்னம்மா? உபயம்னு எழுதிடறேன். ஸ்வாமி காரியம், அவாளுக்கும் புண்ணியம்."

ஊரில் பிராந்தி பாட்டிலுக்குப் பாட்டில் ஒட்டியிருக்கும் பேர் அது. அப்பாவின் கை நின்றுவிட்டது.

"அப்பா பேரைப் போடுங்கோ மாமா."

"பாரு, என்ன அடக்கம்!" என்றார் ஒரு மாமி. மாமா அழகான எழுத்தில் அப்பாவின் பெயரை எழுதினார். எனக்குப் பலகையையும் பார்க்க முடியவில்லை, அப்பாவையும் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் நின்று அப்பா கேட்டார். "தொட்டியிலேர்ந்து எடுத்ததா?"

"இல்லைப்பா. மெடிக்கல் ஷாப்ல வாங்கினது."

அவருடைய தோள் இரண்டும் இறங்கின. "நல்லதாப் போச்சு" என்றார். நான் தினமும் தொட்டுச் சோதிப்பது சுவாமிமேல் படவில்லை என்ற நிம்மதி அது. சொன்ன பிறகுதான் அது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்குப் பட்டது. செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

ஜாதகத்தோடு கொடுக்கும் தாளில் இனிமேல் கம்பெனிப் பெயரையே எழுதிவிடலாம் என்றேன்.

அப்பா வாசல்வரை நடந்தார். கதவைத் திறக்கும்போது, என் பக்கம் திரும்பாமல், "எழுதினா யார் வருவா?" என்றார்.

அது அவர் என்மேல் சொன்ன குற்றம் இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார். மறுநாள், 'ஸ்பிரிட் கம்பெனி' என்று மட்டும் போட்டிருக்கும் அதே பழைய தாளையே நகல் எடுத்துக் கொடுத்தேன்.