மீனுக்குப் பக்கத்தில் புத்தர்

ஈப்போவிலிருந்து லண்டனுக்குக் கணக்குப் படிக்க வந்தவன் நான். எப்படியோ ஸ்ட்ரெதமில் ஒரு சிறிய ஏலக்கடையில் மாட்டிக்கொண்டு, ஓய்வுபெறும்வரை ஆசியப் பழம்பொருள்களுக்குக் கேட்டலாக் எழுதினேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தையாவது சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து மிட்சம் பகுதியிலிருந்து யோகம்மா அக்கா என்ற இலங்கைத் தமிழ்ப் பெண்மணி ஒரு மரப் புத்தரை விற்கக் கொண்டுவந்தார். முழங்கை உயரம், பர்மிய வேலைப்பாடு, அங்கி மடிப்புகளில் பழைய பொன்பூச்சு. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்தாராம். சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிற சரக்கு. மேசையில் வைத்ததும் அடியிலிருந்து மாவு கொட்டியது. வுட்வேர்ம், மரத்தைத் துளைக்கும் புழு.

இதற்கு எங்கள் வைத்தியம் எளிது. பபிள் ராப்பில் இறுக்கிச் சுற்றி இரண்டு வாரம் டீப் ஃப்ரீசரில் போட்டால் புழுவும் முட்டையும் செத்துவிடும். அதே ஃப்ரீசரில்தான் முதலாளி கிரஹாம், தான் தூண்டில் போட்டுப் பிடித்த மீன்களையும் வைப்பார். அதே பபிள் ராப், அதே டேப்.

சிலையை வெளியே எடுக்கும் நாளில் ஒரு சேகரிப்பாளர் பார்க்க வருவதாக இருந்தது. அவர் வருவதற்கு முன்பே, ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் யோகம்மா அக்கா பூவோடு வந்துவிட்டார்.

“தம்பி, ஒருக்கா அவரைப் பாத்திட்டுப் போறன்.”

ஃப்ரீசரைத் திறந்தேன். வாசம் முகத்தில் அடித்தது.

“ஐயோ, மீனுக்குப் பக்கத்திலயோ வைச்சிருக்கிறியள்?”

“பூச்சிக்கு வைத்தியம் நடக்குதுக்கா. ஐ.சி.யு. மாதிரின்னு வச்சுக்குங்க.”

“ஐ.சி.யு.வில மீனை ஆர் வைச்சது?”

கிரஹாமுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் குரல் புரிந்தது. மீன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு காரில் வீட்டுக்கே போய்விட்டார்.

மற்றப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன். பிரிக்காமல் அப்படியே அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும்; அவசரப்பட்டால் மரம் வெடிக்கும். வந்த சேகரிப்பாளரும் பொறுமையாக உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பொட்டலத்தின் மேல் குனிந்து, கண்ணை மூடி முகர்ந்தார்.

“அருமை! பழைய அரக்கின் வாசம்.”

நானும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். அதே நேரம் போன் அடித்தது. கிரஹாமின் மனைவி.

“கிரஹாம் கொண்டுவந்த மீனை ஓரத்தில் கொஞ்சம் பிரித்தேன். எந்த மீனுக்கு இவ்வளவு நீளமான காது?”

“கழுவாதீர்கள்! உப்புப் போடாதீர்கள்!” என்று கத்தினேன்.

கிரஹாம் திரும்பி வந்தபோது, முன் சீட்டில் புத்தருக்கு பெல்ட் போட்டிருந்தார். அதுவரை போகாமல் காத்திருந்த யோகம்மா அக்கா புத்தரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“பூச்சி எல்லாம் செத்துட்டுதோ தம்பி?”

“ஒண்ணுகூட மிஞ்சியிருக்காதுக்கா.”

“அப்ப நான் வீட்ட கொண்டுபோறன். சாமியறை அலுமாரிக்கும் பூச்சி பரவிடுமெண்டு பயந்துதானே விக்க வந்தனான்!”

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் சேகரிப்பாளர் வாயைத் திறந்தபடி நின்றார். “ஏன் விற்கிறார் என்று முதலிலேயே கேட்கவில்லையா?” என்றார் கிரஹாம்.

எந்த மரம், எந்தக் காலம், எந்த ஊர் என்றெல்லாம் துருவியிருந்தேன். அதை மட்டும் கேட்கவில்லை.

அதன் பிறகு யார் எதைக் கொண்டுவந்தாலும் என் முதல் கேள்வி அதுதான். ‘பூச்சி’ என்று பதில் வந்தால், வைத்தியத்துக்குத் தனிக் கட்டணம் என்று சொல்லிவிடுவேன்.